அமாவாசையில் அளந்த கட்டடம்

முதலில் அந்த டிரோனை எடுத்து உறைக்குள் போடுங்கள். கட்டடத்தை வானத்திலிருந்து பார்த்து என்ன ஆகப்போகிறது? அதற்குள் குடியேறப்போவது காக்காய்க் கூட்டமா?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பெண்மணி, நாலு இனிப்பான வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இனிப்பு வராது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் செய்தது ஒரே காரியம்தான்: கம்பெனிகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன். கிடங்குக்குப் பார்த்தேன், ஷோரூமுக்குப் பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குப் பார்த்தேன். கிடங்குக்காரனுக்கு லாரி திரும்பினால் போதும். ஷோரூம்காரனுக்கு மெயின் ரோடு போதும். என்னை வயிறெரிய வைத்தவர்கள் ஆராய்ச்சிக் கம்பெனிக்காரர்கள்.

"என்ன மாதிரி இடம் வேண்டும்?" என்று கேட்டால், "எங்களுக்கு ஒரு சூழல் வேண்டும்" என்பார்கள். என்ன சூழல் என்று கேட்டால் ஒரு படத்தைக் காட்டுவார்கள். புல்தரை, கண்ணாடிச் சுவர், கையில் காபியோடு ஒரு மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கும் நாலு பேர். அந்த நாலு பேரை நான் எத்தனையோ கம்பெனிகளின் கையேட்டில் பார்த்துவிட்டேன். எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் நேரில் பார்த்ததில்லை. நிஜமாக ஆராய்ச்சி செய்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். பாதி நாள் தலையில் கை வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஒரு பெயிண்ட் ஆராய்ச்சிக் கம்பெனி புல்தரைதான் வேண்டும் என்று அடம்பிடித்து, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தொழில் பூங்காவில் போய் உட்கார்ந்தது. செயற்கைக் குளம் வெட்டி அதில் வாத்து விட்டார்கள். டீ குடிக்க வெளியே போனால் லாரிக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வாத்துகள் மட்டும் தங்கின.

என்னை வேலைக்கு எடுத்த மனிதர் ஒருவர் உண்டு. நல்லவர் என்று சொல்லமாட்டேன். லீவு கேட்டால் முகத்தை ஒரு வாரத்துக்குத் திருப்பிக்கொள்வார். ஆனால் இடம் பார்க்கப் போனால் அவர் கட்டடத்துக்குள் கடைசியாகத்தான் நுழைவார். அதற்கு முன்னால் தெருவில் சுற்றி, அந்த இடத்தைத் திட்டுகிற ஒருத்தரைத் தேடுவார். "புகழ்றவன் விக்கிறவன். திட்டுறவன்தான் குடியிருக்கிறவன். திட்டுறவன்கிட்ட கேளு" என்பார். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் பாடத்தில் இது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது காஞ்சிபுரத்துக் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் பார்த்த கடைசி வேலை அது.

பெங்களூரில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கம்பெனி. மருத்துவத் துணி ஆராய்ச்சி. அதாவது, பட்டு நூலின் மேல் வெள்ளியை மெல்லிசாகப் பூசி, அதைத் துணியோடு சேர்த்து நெய்துவிடுவார்கள். அந்தத் துணியை உடம்பில் கட்டினால் இதயத்துடிப்பைத் துணியே படித்துச் சொல்லும். அந்த நூல் விசைத்தறியின் வேகத்தைத் தாங்காது. கைத்தறிதான் வேண்டும், அதிலும் பட்டுத்தறி. அதனால் அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றைப் பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றில், பழைய பட்டுப் புடவைக்கடைக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். அந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்தது நாங்கள் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த நிபுணர்கள். என்னைக் கூப்பிட்டது காலி செய்ய.

"தராசு நிற்கமாட்டேன் என்கிறது. நெடுஞ்சாலைப் பூங்காவில் இடம் பார்த்து, கூடத்தை அங்கே மாற்றிக் கொடுங்கள். அடுத்த வாரம் டைரக்டர் வந்து முடிவு செய்வார்" என்றார்கள். எனக்கு அந்தப் பூங்காவில் தெரிந்த இடம் தயாராக இருந்தது. ஒரே ஒரு போன் பேச்சில் முடிந்திருக்கும் வேலை. ஆனாலும் போய்ப் பார்த்தேன்.

நான் பிறந்தது அந்த ஊர்தான். நெசவு வீடு இல்லை, அப்பா பஸ் கண்டக்டர். ஊரைப் பற்றி எனக்கு உருக்கமெல்லாம் கிடையாது. கோடையில் அந்த ஊர் வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் உங்களுக்கும் இருக்காது.

ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தியவள் ஸ்டெல்லா. முப்பதைத் தாண்டியவள், டாக்டர் பட்டம் வாங்கியவள், தினமும் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். அவளுக்கு முந்திய தலைமுறை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. அவள் அதை மறைக்கமாட்டாள். மேடையில் யாராவது அதைச் சொல்லி அவளைப் புகழ்ந்தால் மட்டும் கடுப்பாகிவிடுவாள்.

என்னை நேராக மாடியில் இருந்த தராசு அறைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசு அது. கொசு இறக்கையைக்கூட நிறுத்துச் சொல்லும். நூலில் எவ்வளவு வெள்ளி ஏறியிருக்கிறது என்று அதில்தான் பார்க்க வேண்டும். ஒரு துண்டு நூலை வைத்தாள். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அடுத்த வீட்டிலிருந்து 'பொத்... பொத்...' என்று சத்தம். ஒவ்வொரு பொத்துக்கும் எண் ஒரு குதி குதித்தது.

"பாத்தீங்களா மேடம்? அடுத்த வீட்டுத் தறி. குழித்தறி. அவர் அங்க அடிச்சா இங்க ஆடுது."

"அடியில ரப்பர் போட்டியா?"

"ரப்பர் போட்டேன், கிரானைட் பலகை போட்டேன், வெளிநாட்டு மேஜை ஒண்ணு வாங்கிப் போட்டேன். ஒண்ணும் கேக்கல. தெரு முழுக்கத் தறி மேடம். ஒருத்தர் நிறுத்துனா இன்னொருத்தர் ஆரம்பிக்கிறாரு."

"அவங்க எல்லாம் வீட்டுக்குப் போனப்புறம் எடை பாத்தா என்ன?"

"அவங்க வீடே அதுதான மேடம். அதுவுமில்லாம, பூசினவுடனே நிறுக்கணும். வெச்சிருந்தா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும்."

"சரி, அப்போ பூங்காவுக்குப் போயிடு. புல்தரை எல்லாம் இருக்குது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தராசை அணைத்துவிட்டுப் பேசினாள். "அங்க போனா தறி இல்ல மேடம். நூலைப் பார்சல் போட்டு அனுப்பணும். அறுந்துட்சின்னு போன்ல சொல்லுவாங்க. எங்க அறுந்துச்சி, எப்டி அறுந்துச்சின்னு கேட்டா 'தெரியலம்மா'ம்பாங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு, இதெல்லாம் வேலைக்காவாது, பெங்களூர்ல விசைத்தறியிலயே போட்டுப் பாக்கலாம்னு சொல்லுவாங்க. அதுல போட்டா அன்னிக்கே அறுந்துடும். அதோட திட்டம் முடிஞ்சிது. இடத்தை மாத்தறோம்னு சொல்றாங்க இல்ல, என் நூலைப் புதைக்கிறாங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, அடுத்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு தலை தெரிந்தது. அடுத்த வீட்டு ஏகாம்பரம். அந்தப் பொத்து பொத்துக்குச் சொந்தக்காரர், ஸ்டெல்லாவின் நூலைத் தன் தறியில் போட்டு நெய்து பார்ப்பவரும் அவர்தான். அம்பது வயசுக்கு மேல், கழுத்தில் ருத்திராட்சம், வாயில் எப்போதும் ஒரு சலிப்பு.

"ஸ்டெல்லாம்மா, காலி பண்ண ஆளு வந்துக்கிறாங்களாமே?"

"இவங்கதான்ணா."

"அப்டியா. வாங்கம்மா. போவச்சொல்ல அந்த ஏசி பொட்டியயும் தூக்கிக்கினு போங்க. ராவும் பகலும் என் வூட்டு சுவத்துல சுடுகாத்து ஊதுது. தெருவுல வண்டி வுட இடமில்ல. கரண்டு ஜரிகைன்னு ஒண்ணு குடுக்குது இந்தப் பொண்ணு, அது தறியில நிக்க மாட்டேங்குது. என் மானம் போவுது."

நான் தேடிய ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். திட்டுகிறவன்.

"அப்போ இவ போனா உங்களுக்கு நிம்மதி" என்றேன்.

"போனா அத்த யாரு நெய்வாங்க? பாதியில வுட்டுட்டுப் போவச் சொல்றீங்களா?" என்றார் கோபமாக. "எனக்கு அது நிக்கணும். நின்னப்புறம் எங்கியாவது போவட்டும்."

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இப்படி ஒரு தெருவில், அடுத்த வீட்டில் குழித்தறி அடிக்கும் இடத்தில், எந்த முட்டாள் இந்தத் தராசைக் கொண்டுவந்து வைத்தான்? பெங்களூர் நிபுணர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தரை எவ்வளவு அதிர்கிறது என்று பார்க்கும் கருவியோடு வந்து, பகல் முழுவதும் வைத்து அளந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். பூங்காவைவிட இந்தத் தெரு அமைதி என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கீழே கட்டடத்துக்காரர் எத்திராஜ் உட்கார்ந்திருந்தார். முன்பு அதே இடத்தில் புடவைக்கடை நடத்தியவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே யாரையும் கடைக்குள் இழுத்துவிடும் வாய்.

"அம்மா, நம்ம கட்டடத்துல ஒரு குறையும் இல்ல. அந்தப் பெரிய ஆளுங்க மிசின் வெச்சிப் பாத்துட்டு அசந்துட்டாங்க. 'என்னா சைலன்ஸ், என்னா சைலன்ஸ்'னாங்க. மத்தியானம் நம்ம வூட்லதான் சாப்பாடு. வடை, பாயசம் எல்லாம்."

"வடை பாயசமா? விசேஷமா?"

"பின்ன? கட்டடம் பாக்க வர்றேன்னு போன் பண்ணாங்க. சும்மா ஒரு நாள்ல வரச்சொல்லலாமா? நல்ல நாள் பாத்துத்தான் சொன்னேன். நெறஞ்ச அமாவாசை."

நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எத்திராஜ், அன்னிக்கு இந்தத் தெருவுல எத்தினி தறி ஓடிச்சி?"

"இன்னாமா நீங்க, இந்த ஊர்ல பொறந்துட்டு இப்டிக் கேக்கறீங்க? அமாவாசையில யாராச்சும் தறியில உக்காருவாங்களா? தெருவே லீவு..." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்தினார். வாய் மட்டும் திறந்திருந்தது. "அட கடவுளே" என்றார்.

மேலே படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் சத்தமாகவே சிரித்தேன். மாதத்தில் ஒரே ஒரு நாள் தெரு மூச்சு விடாமல் இருக்கும்; கருவியோடு வந்தவர்கள் அந்த ஒரு நாளைப் பிடித்து அளந்து, பாயசமும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கட்டடத்துக்காரர் நல்ல நாள் பார்த்தார். நிபுணர்கள் நல்ல எண் பார்த்தார்கள். எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் எத்திராஜ் அடுத்த யோசனைக்குப் போய்விட்டார். வியாபாரி மூளை. "அம்மா, வர்ற வாரமும் அமாவாசை வருதும்மா. டைரக்டரும் வர்ற வாரந்தான் வர்றாரு. அன்னிக்கே வரச் சொல்லிட்டா? தராசு ஆடாது. பாப்பாரு, சரின்னுட்டுப் பூடுவாரு. பூங்காவும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் எத்திராஜைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஒரு நாள்தான மேடம்" என்றாள். "யாரையும் தறிய நிறுத்தச் சொல்லப் போறதில்ல. அவங்களே நிறுத்துற நாள். பொய்யும் இல்ல. எனக்குக் கொஞ்சம் நாள் கிடைச்சா போதும், நூலை நிக்க வெச்சிடுவேன்."

இங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது என்று சொல்வேன். இடத்தை அளப்பது யாருக்கும் வரும். எதிரில் ஒரு நல்ல ஆள் உட்கார்ந்துகொண்டு, நல்ல காரணத்துக்காக, ஒரு சின்ன ஏமாற்றுக்குத் தலையாட்டச் சொல்லும்போது என்ன செய்வீர்கள்? நான் என்ன நேர்மையின் மறு உருவமா? இல்லை. என் கணக்கு வேறு. கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு நான் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவேன். மறுநாள் தராசு ஆடும்போது அதன் எதிரில் உட்கார்ந்திருக்கப்போவது அவள். முதல் தடவை தவறு செய்தவர்கள் நிபுணர்கள், அதனால் அவள் பேரில் பழி இல்லை. இரண்டாவது தடவையும் அதே அமாவாசை என்றால், உள்ளூர்ப் பெண் தெரிந்தே செய்தாள் என்றாகும். அதற்கப்புறம் அவள் எந்த நூலைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

"அமாவாசைக்கு மறுநாள் வரச்சொல்றேன்" என்றேன்.

எத்திராஜ் காதைப் பொத்திக்கொண்டார். "பிரதமையிலயா? வெளங்குமா அது? ஒரு நாள் ஓய்வு எடுத்துட்டு எல்லாரும் அன்னிக்குத்தான் போட்டு அடிப்பாங்க!"

"அதுக்குத்தான்."

ஸ்டெல்லா எழுந்து மேலே போய்விட்டாள். நான் கிளம்பும்போதும் கீழே வரவில்லை. "காலி பண்ண வந்தவங்க, காலி பண்ணிட்டுப் போறாங்க" என்று அவள் யாரிடமோ சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

எனக்கு ஏதோ பெரிய திட்டம் இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு திட்டமும் இல்லை. அந்தத் தெரு எப்படி இருக்கிறதோ அப்படியே அந்த ஆள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் ஸ்டெல்லாவின் நூல் செத்தது. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிரதமையன்று டைரக்டர் காலையிலேயே வந்துவிட்டார். மோசமான ஆள் இல்லை. ஷூ மட்டும் அளவுக்கு மீறி வெள்ளை. தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று சிக்கு எடுத்துச் சீராக்குவார்கள். அந்த நேரத்தில் அங்கே சைக்கிள்கூடப் போகாது. கார் தெருமுனையில் நின்றுவிட்டது. அவர் இறங்கிச் சாக்கடை ஓரமாக நடந்து வந்தார்.

"சார், பாவு மேல காலு வெச்சிறாதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். அவர் பயந்து காலை இந்தப் பக்கம் வைத்தார். இந்தப் பக்கம் சாணி.

மேலே வந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸோடு தராசு எதிரில் நின்றார். தெருவில் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் ஆரம்பித்திருந்தது. எண் சாமியாடியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கையை மார்பில் கட்டினார்.

"இதுக்கு மேல என்ன இருக்கு? மாத்திடலாம். மேடம், பூங்காவில் இடம் ரெடியா?"

"ரெடி சார்" என்றேன். ரெடியாகத்தான் இருந்தது.

ஸ்டெல்லா நூல் துண்டைக் கண்ணாடிக் கூண்டிலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது ஜன்னல் வழியாகச் சத்தம்.

"ஸ்டெல்லாம்மா! உன் கரண்டு அறுந்துட்சி!"

டைரக்டர் பதறிப்போனார். மின்கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்தார் போல. ஸ்டெல்லா அவரையும் என்னையும் மறந்து படிக்கட்டில் ஓடினாள். அவரும் சாக்ஸோடு பின்னாலேயே ஓடினார். நானும் போனேன்.

ஏகாம்பரம் வீட்டு முன்கட்டில் குழித்தறி. அவர் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, லென்ஸை எடுத்து, அறுந்த நுனியைப் பார்க்க ஆரம்பித்தாள். சண்டையும் ஆரம்பித்தது.

"நீங்க அடிக்கிற அடிக்கு இரும்புக் கம்பியே அறுந்துடும்ணா."

"நான் பட்டு நெய்யறேம்மா. தடவிக் குடுத்தா அது துணியா வராது, கொசுவலையா வரும்."

"என் பூச்சுல ஒரு குறையும் இல்ல, நேத்து ராத்திரி வரைக்கும் பாத்தேன்."

"அப்போ என் கையிலதான் குறைன்றியா? ஏன்மா, இந்தக் கையால எத்தினி முகூர்த்தப் புடவை நெய்ஞ்சிருக்கேன் தெரியுமா?"

"அதெல்லாம் உங்க ஜரிகைண்ணா. இது என் ஜரிகை."

"உன் ஜரிகைதான் அறுவுது!"

ஒரு டைரக்டர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை. அந்த மனிதருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சும்மா நிற்பதற்குச் சங்கடப்பட்டு, தறி ஓரத்தில் கிடந்த நாடாவைக் கையில் எடுத்தார். ஊடு நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு பாவுக்கு நடுவே இங்கும் அங்கும் ஓடுமே, படகு மாதிரி, அது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் வெளியே வரும் கண்ணில் விரலை விட்டார்.

"ஸ்!" என்று கையை உதறினார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

சண்டை நின்றது. ஸ்டெல்லா அவர் கையைப் பார்க்கவில்லை, நாடாவைப் பிடுங்கினாள். லென்ஸை வைத்தாள். ஏகாம்பரம் குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாடாவின் அந்தக் கண் ஓரத்தில், பார்வைக்குத் தெரியாத ஒரு பிசிறு. சாதாரண ஜரிகை அதை மதிக்காது. வெள்ளி பூசிய மெல்லிய நூல் ஒவ்வொரு ஓட்டத்திலும் அதில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. பூச்சிலும் குறையில்லை, அடியிலும் குறையில்லை.

"ரொம்ப நாளைக்கு முன்ன ஒரு தபா கீழ போட்டேன்" என்றார் ஏகாம்பரம், குரல் இறங்கி. உடனே ஏற்றிக்கொண்டு, "சார் பாத்தீங்களா, இந்தப் பொண்ணு இத்தினி நாளா பூதக்கண்ணாடி வெச்சிக்கினு நூலையே பாத்துக்கினு இருந்துச்சி. நீங்க வந்தீங்க, விரலை வுட்டீங்க, முடிஞ்சிது" என்றார்.

டைரக்டர் விரலைக் கைக்குட்டையில் அழுத்திக்கொண்டு நின்றார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனை அறிக்கை கொடுத்தாலும் ஒரு மேலதிகாரியின் முகத்தில் அந்த வெளிச்சம் வராது. அவரே கண்டுபிடித்துவிட்டார் அல்லவா.

ஏகாம்பரம் வேறு நாடா எடுத்து, நூலை மாற்றி, ஓட்டினார். பொத். பொத். பொத். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். நூல் நின்றது. கையகலத் துணி நெய்து முடிக்கும்வரை நின்றது.

"இதுக்காகத்தான் நீங்க போகமாட்டேன்றீங்களா?" என்று டைரக்டர் ஸ்டெல்லாவிடம் கேட்டார். "ஆனா தராசு? அது ஆடுறது உண்மைதானே?"

ஸ்டெல்லா தரையிலிருந்து எழுந்தாள். அந்த ஒரு வாரமும் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"ஆடுதுதான் சார். தராசுக்குத்தான இந்த இடம் புடிக்கல? அத்த எடுத்துக்கினு போங்க. பூச்சு மிஷினையும் எடுத்துக்கினு போங்க. புல்தரை மேல வெய்யிங்க. எங்களை வுடுங்க!"

சொன்னவுடன் அவளுக்கே பயம் வந்துவிட்டது. ஆனால் நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் இடம் பார்த்த எனக்கு அது தோன்றவில்லையே என்ற எரிச்சலோடுதான் பிடித்துக்கொண்டேன். நாங்கள் எல்லோரும் 'கூடத்தை எங்கே வைப்பது' என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். கூடம் என்று ஒரே பொருள் அங்கே இல்லவே இல்லை. சத்தமே ஆகாத சில பெட்டிகள் இருந்தன. சத்தத்தோடு சண்டை போட்டே வேலை செய்யும் சில ஆட்கள் இருந்தார்கள்.

"பூச்சும் தராசும் பக்கத்துல ஒரு கிராமத்துக்குப் போகட்டும் சார். காலையில பூசி, எடை பாத்து, மத்தியானம் நூல் இங்க வந்துடும். ஆளுங்க இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"ஆராய்ச்சி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும்னு எங்க கொள்கை மேடம்."

"சார், உங்க வீட்ல சாமி ரூமும் கக்கூஸும் ஒரே ரூமா?"

அவர் திடுக்கிட்டார். "ரெண்டும் ஒரே வீட்லதானே இருக்கு?"

"நடுவுல சுவர் இருக்குதில்ல? இங்க சுவர் கொஞ்சம் அகலம். அவ்வளவுதான்."

ஏகாம்பரம் குழிக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பில் தறியே ஆடியது. டைரக்டரும் சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. டைரக்டர்கள் நின்ற இடத்தில் சரி என்று சொல்லமாட்டார்கள். "முதலில் அமைதியான இடத்தைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்.

பக்கத்துக் கிராமமான திருப்புட்குழியில் இடம் பார்த்தேன். நெடுஞ்சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, வயல் ஓரத்தில், முன்பு நெல் மூட்டை போட்டிருந்த ஒரு கட்டடம். இந்த முறை நானே வேலை நாளாகப் பார்த்து, கருவியோடு போனேன். டிராக்டர் போகும்போது அளந்தேன். பம்ப்செட் ஓடும்போது அளந்தேன். பிறகு வழக்கம்போலத் திட்டுகிறவரைத் தேடினேன். ஒரு பெட்டிக்கடைக்காரர் கிடைத்தார்.

"இந்த இடம் எப்டிங்க?"

"இது ஒரு இடமாம்மா? ஒண்ணுமே நடக்காது. ஒரு சத்தம் கிடையாது, ஒரு சந்தடி கிடையாது. நாய்கூடக் கொலைக்க மாட்டேங்குது. பைத்தியம் புடிக்குதும்மா எனக்கு."

அங்கேயே நின்று டைரக்டருக்குப் போன் போட்டேன்.

ஆறு மாதம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். தராசை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் வைத்த அன்று ஸ்டெல்லாவும் நானும் போனோம். நூலை வைத்தாள். எண் வந்து அப்படியே நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளியே வயல், வெயில், வேறு ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான் இருக்குது மேடம்" என்றாள். "ஆனா இங்க உக்காந்தா என்னைத் திட்ட யார் இருக்காங்க? எனக்கு நாலு நாள்ல தூக்கம் வந்துடும்." பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். கிராமத்துக்கு வரமாட்டேன் என்று ஓர் உதவியாளர் வேலையை விட்டுப்போனார். மழை நாளில் நூல் நேரத்துக்கு ஊருக்கு வந்து சேராது. ஏகாம்பரத்தின் சுவரில் இன்னமும் சுடுகாற்று ஊதுகிறது. அவர் இன்னமும் திட்டுகிறார். ஆனால் நூல் நிற்கிறது. ஆறு மாதம் முடிந்து, அடுத்த ஆறு மாதமும் ஓடிவிட்டது. டைரக்டர் போகிற கூட்டத்தில் எல்லாம் தன் விரலைக் காட்டிக் கதை சொல்கிறாராம். ஒவ்வொரு தடவையும் ரத்தம் கொஞ்சம் அதிகமாகிறது என்று கேள்வி.

போன மாதம் ஒரு நாள் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தட்டு, டம்ளர் சத்தம். பொத்துச் சத்தமே இல்லை. மூடிவிட்டார்களோ?

"எங்கடி இருக்கே? ஆபீஸ் இல்ல?"

"வீட்ல மேடம். இன்னிக்கு லீவு."

"என்ன லீவு இன்னிக்கு?"

"அமாவாசை மேடம். தெருவுல ஒரு தறி ஓடாது. நான் மட்டும் போய் இன்னா பண்றது? மாசா மாசம் இதுதான் எங்க லீவு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு மத்தியானம் ஆபீஸ் போயிடுவேன், அதுக்கு இது சரியாப் போச்சு. பெங்களூர்ல எச்.ஆர். போன் பண்ணி, 'நீங்க கிறிஸ்டியன்தானே, அமாவாசைக்கு எதுக்கு லீவு?'னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எங்க ஆபீஸ் நெசவாளர் தெருவுல இருக்குது மேடம்னேன்."